பாதி மெயில் வருகிறது, பாதி வருவதில்லை: ஃபார்வர்ட் செய்யும்போது நடப்பது என்ன?

கேள்வி: வணக்கம் சார். கரூரில் நானும் என் கணவரும் வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதி செய்யும் சிறிய கம்பெனி நடத்துகிறோம். கம்பெனி பெயரில் டொமைன் இருக்கிறது. அதில் ‘இன்ஃபோ’ என்ற முகவரிக்கு வரும் மெயில் எல்லாம் தானாக என் ஜிமெயிலுக்கு வந்துவிடும்படி ஹோஸ்டிங்காரர் ஃபார்வர்ட் போட்டுக் கொடுத்திருந்தார். பல வருடம் நன்றாக ஓடியது. சில மாதங்களாக ஒரே குழப்பம். பேங்கில் பணம் வந்தது, போனது என்ற தகவல் மெயில் சரியாக வருகிறது. மாத ஸ்டேட்மென்ட் மட்டும் வருவதில்லை, ஸ்பேமிலும் இல்லை. ஜெர்மனியில் இருக்கும் ஒரு பையர் அனுப்புவது எல்லாமே அவருக்கே திரும்பிப் போகிறது, 550 5.7.26 என்று எண் காட்டுவதாக வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினார். எங்கள் ஆடிட்டர் அனுப்புவது ஸ்பேமில் விழுகிறது. ஹோஸ்டிங்காரரிடம் சொன்னதும் எங்கள் டொமைனில் கூகுளுக்கு ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்ட் போட்டார். ஒரு மாற்றமும் இல்லை. இப்போது ‘கோளாறு அனுப்புகிறவர்கள் பக்கம்தான், டிமார்க்கைத் தளர்த்தச் சொல்லுங்கள்’ என்கிறார். பையரிடம் அப்படிக் கேட்கலாமா? இன்னொன்று: இதே சமயத்திலிருந்து, இணைப்போடு வரும் மெயில்களின் அடியில் ‘வைரஸ் சோதனை செய்யப்பட்டது’ என்று ஒரு வரி சேர்ந்து வருகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

— பெயர் வெளியிட வேண்டாம், கரூர்

பதில்: வணக்கம். கடைசியாக, போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, உங்கள் பிரச்சினையில் ஒரு பெரிய பகுதிக்கு விடை அதில்தான் இருக்கிறது. சம்பந்தம் நிச்சயம் இருக்கும் என்றே நினைக்கிறேன். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் பையர் விஷயம். டிமார்க்கைத் தளர்த்தும்படி அவரிடம் கேட்காதீர்கள். அது அவர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்டிருக்கும் பூட்டு. அவர் பெயரில் யாராவது உங்களுக்குப் பொய் ஆர்டர் அனுப்பினால், அல்லது அவருடைய ஆட்களுக்கே ‘எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்குப் பணம் போடுங்கள்’ என்று எழுதினால், தடுத்து நிறுத்துவது அந்தப் பூட்டுதான். ஏற்றுமதித் தொழிலில் பணம் பறிபோகும் வழிகளில் இந்தப் பொய் மெயில் ஒன்று என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். உங்களுக்கு மெயில் வர வேண்டும் என்பதற்காக இன்னொருவர் வீட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொல்வது நியாயம் இல்லை. அப்படிச் சொல்லத் தேவையும் இல்லை. அவரிடம் கேட்க வேண்டியது வேறு.

உங்கள் மூன்று புகாருக்கும் காரணம் மூன்று விதம். அது புரிய, ஒரு மெயில் எப்படிப் பயணம் போகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு மெயிலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கும். திரையில் நாம் பார்ப்பது ஒன்று. சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும்போது சொல்லும் முகவரி இன்னொன்று. மெயில் போய்ச் சேராவிட்டால் தகவல் திரும்ப வேண்டிய இடம் அது. தபாலில் உறையின் மேல் எழுதும் அனுப்புநர் முகவரியும், உள்ளே கடிதத்தின் தலைப்பில் எழுதும் பெயரும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மெயிலை ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் கொடுக்கும் முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய அந்த விதிமுறையில், அனுப்புகிறவர் உண்மையிலேயே அவர்தானா என்று பார்க்க எந்த ஏற்பாடும் இல்லை. உறையின் மேலும் உள்ளேயும் யார் பெயரையும் யாரும் எழுதலாம். அந்த ஓட்டையை அடைக்கத்தான் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் பின்னால் வந்தன.

எஸ்பிஎஃப் பார்ப்பது உறையை. டொமைன்காரர் தன் டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனைப் பற்றிய விவரங்களை யாரும் பார்க்கும்படி வைத்திருக்கும் பதிவேட்டில், ‘என் பெயரில் மெயில் அனுப்ப இந்தந்த சர்வர்களுக்குத்தான் அனுமதி’ என்று பட்டியல் போட்டு வைத்திருப்பார். மெயிலை வாங்குகிற சர்வர், தன்னிடம் அதைக் கொண்டுவந்து கொடுக்கும் சர்வரின் ஐபி எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். அவ்வளவுதான்.

டிகிம் பார்ப்பது உள்ளே இருக்கும் கடிதத்தை. அனுப்பும் சர்வர், மெயிலின் உடலையும் அனுப்புநர், பொருள், தேதி போன்ற சில தலைப்பு வரிகளையும் கணக்கிட்டு, தன்னிடம் மட்டும் இருக்கும் ரகசிய சாவியால் ஒரு கையெழுத்துப் போடும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் எல்லோரும் எடுக்கும்படி இருக்கும். யாஹூவின் டொமைன்கீஸ் முறையையும் சிஸ்கோவின் இதே மாதிரி முறை ஒன்றையும் இணைத்து 2007-ல் வந்தது இது. மெயில் எந்த வழியாக வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் டிகிமுக்கு ஒரு பொருட்டே இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகு உள்ளே ஏதாவது மாறியதா என்பது மட்டும்தான் கேள்வி.

டிமார்க் இந்த இரண்டின் முடிவையும் எடுத்துக்கொண்டு, கூடுதலாக ஒன்றைக் கேட்கிறது: எஸ்பிஎஃப் தேறிய டொமைனோ, டிகிம் கையெழுத்துப் போட்ட டொமைனோ, இரண்டில் ஒன்றாவது திரையில் தெரியும் அனுப்புநரின் டொமைனோடு பொருந்துகிறதா? ஒன்று பொருந்தினால் போதும், மெயில் தேறிவிடும். எதுவும் பொருந்தாவிட்டால் என்ன செய்யலாம் என்பதையும் டொமைன்காரரே எழுதி வைத்திருப்பார்: ஒன்றும் செய்யாதே, ஸ்பேமில் போடு, திருப்பி அனுப்பு. இந்த மூன்றில் ஒன்று.

இப்போது உங்கள் ஃபார்வர்டுக்கு வருவோம். மெயிலைத் திறந்து நீங்களே ‘ஃபார்வர்ட்’ பொத்தானை அழுத்தி இன்னொருவருக்கு அனுப்பினால், அது உங்கள் பெயரில் கிளம்பும் புது மெயில். அதில் இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் ஹோஸ்டிங் சர்வர் செய்வது வேறு. பையர் பெயரில் வந்ததை, பையர் பெயரிலேயே, தன் கையால் ஜிமெயிலிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஜிமெயில் என்ன பார்க்கிறது? உறையில் ஜெர்மன் டொமைன். கொண்டுவந்திருப்பது உங்கள் ஹோஸ்டிங் சர்வர். ஜெர்மன்காரரின் எஸ்பிஎஃப் பட்டியலில் அந்த சர்வர் எப்படி இருக்கும்? அவருக்கு உங்கள் ஹோஸ்டிங் எது என்றே தெரியாது. ஆக, உறையை மாற்றாமல் செய்யும் ஃபார்வர்டில் எஸ்பிஎஃப் தோற்றே தீரும். யாருடைய தவறும் இல்லை. அந்தச் சோதனை அமைக்கப்பட்டிருக்கும் விதம் அப்படி.

உங்கள் டொமைனில் கூகுளைச் சேர்த்தது ஏன் பலன் தரவில்லை என்பது இதிலிருந்தே தெரிந்திருக்கும். உள்ளே வரும் மெயிலுக்கு ஜிமெயில் பார்ப்பது பையரின் பட்டியலை, பேங்கின் பட்டியலை. உங்கள் பட்டியலை அது திறந்தே பார்க்காது. உங்கள் எஸ்பிஎஃப் என்பது, நீங்கள் வெளியே அனுப்பும் மெயிலுக்கு மட்டும். அவர் ஏற்கெனவே இருந்த ரெக்கார்டைத் திருத்தினாரா, அல்லது பக்கத்தில் இரண்டாவதாக ஒன்றைப் போட்டாரா என்று உடனே கேளுங்கள். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ரெக்கார்ட் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் அந்தச் சோதனையே பிழை என்று முடிந்துவிடும். அப்புறம் நீங்கள் அனுப்பும் மெயிலும் எதிர்ப்பக்கம் ஸ்பேமில் விழ ஆரம்பிக்கும். வரும் மெயிலைச் சரிசெய்யப் போய், போகும் மெயிலைக் கெடுத்துக்கொள்ளும் இந்த விபத்தை அடிக்கடி பார்க்கிறேன்.

எஸ்பிஎஃப் தோற்றுவிட்டதா, மிச்சம் இருப்பது டிகிம் ஒன்றுதான். ஃபார்வர்ட் ஆன மெயிலைக் காப்பாற்றுவது அந்தக் கையெழுத்து மட்டுமே. உள்ளே ஒரு எழுத்தும் மாறாமல் அப்படியே ஜிமெயிலுக்குப் போய்ச் சேர்ந்தால் கையெழுத்து சரியாக இருக்கும், டிமார்க்கும் தேறும்.

இங்கேதான் அந்த ‘வைரஸ் சோதனை செய்யப்பட்டது’ வருகிறது.

உங்கள் ஹோஸ்டிங் சர்வரில் புதிதாக வைரஸ் சோதிக்கும் மென்பொருள் போட்டிருக்கிறார்கள். இணைப்பு உள்ள மெயிலைச் சோதித்துவிட்டு, அடியில் அந்த ஒரு வரியைச் சேர்த்து அனுப்புகிறது. நல்லெண்ணம்தான். ஆனால் உடலில் ஒரு வரி கூடினாலே பேங்க் போட்ட கையெழுத்து செல்லாமல் போகிறது. எஸ்பிஎஃப் முன்பே தோற்றுவிட்டது, இப்போது டிகிமும் போயிற்று. ‘என் பெயரில் பொருந்தாமல் வந்தால் திருப்பி அனுப்பு’ என்று பேங்க் எழுதி வைத்திருந்தால், ஜிமெயில் அதைச் செய்துவிடும். பணம் வந்தது, போனது என்ற தகவல் மெயிலில் இணைப்பு கிடையாது. அதனால் அந்த வரி சேரவில்லை, கையெழுத்து கெடவில்லை, மெயில் வந்துவிடுகிறது. ஸ்டேட்மென்ட் பிடிஎஃப் இணைப்போடு வருவதால் மாட்டிக்கொள்கிறது. நீங்கள் எழுதிய அறிகுறிகள் இதோடு கச்சிதமாகப் பொருந்துகின்றன.

ஸ்பேமில்கூட இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். திருப்பி அனுப்பப்பட்ட மெயில் ஜிமெயிலுக்குள் நுழையவே இல்லை. அதனால் எந்த ஃபோல்டரிலும் இருக்காது. திரும்பிய தகவல் உறையில் உள்ள முகவரிக்கு, அதாவது பேங்கின் முகவரிக்குப் போயிருக்கும். அந்த முகவரிகளை ஆட்கள் உட்கார்ந்து படிப்பதில்லை. ஜெர்மன் பையர் ஒரு மனிதர், அவர் படம் எடுத்து அனுப்பினார். பேங்க் சர்வர் யாருக்கும் சொல்லாது. சத்தமே இல்லாமல் மெயில் காணாமல் போவதுதான் இதில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. உங்களுக்கு வராமல் போனது இன்னும் என்னென்ன என்று உங்களுக்கே தெரியாது.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்த வைரஸ் வரியோடு ஜிமெயிலுக்கு வந்து சேர்ந்த மெயில் ஒன்றைக் கணினியில் திறந்து, வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, அதில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் முடிவு காட்டும். கீழே நீளமான எழுத்துகளுக்கு நடுவே ‘பாடி ஹாஷ் டிட் நாட் வெரிஃபை’ என்று இருந்தால், வழியில் யாரோ உடலை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைப் படம் எடுத்து ஹோஸ்டிங்காரருக்கு அனுப்புங்கள். அதற்கு மேல் அவர் ‘அனுப்புகிறவர் பக்கம்’ என்று சொல்ல முடியாது.

பொருள் வரியின் தொடக்கத்தில் ‘வெளி மெயில்’ என்று அடைப்புக்குறியில் சேர்ப்பதும் இதே வேலையைத்தான் செய்யும், ஏனென்றால் பொருள் வரியும் பெரும்பாலும் கையெழுத்துக்குள் அடக்கம். இன்று இல்லை என்றாலும் நாளைக்கு யாராவது ‘பாதுகாப்புக்கு நல்லது’ என்று அதைப் போட்டுக் கொடுப்பார்கள். ஃபார்வர்ட் ஆகும் முகவரிக்கு அது வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

ஜெர்மன் பையர் விஷயம் வேறு. இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருடைய எல்லா மெயிலும் திரும்புகிறது என்கிறீர்கள். அந்த 5.7.26 என்பது, அனுப்புநரைச் சரிபார்க்க முடியவில்லை என்பதற்கு ஜிமெயில் கொடுக்கும் எண். ஆக, அவர் பக்கம் பொருந்துகிற டிகிம் கையெழுத்தே இல்லாமல், எஸ்பிஎஃப் ஒன்றை மட்டும் நம்பி, டிமார்க்கில் ‘திருப்பி அனுப்பு’ என்று போட்டிருக்கிறார்கள் என்பதே என் கணிப்பு. நேராக அனுப்பும்போது எஸ்பிஎஃப் தேறிவிடும், எல்லாம் சரியாக இருப்பதாக அவர்களுக்குத் தோன்றும். ஃபார்வர்ட் ஆனால் மட்டும் விழும்.

இது அபூர்வமான நிலை இல்லை. மைக்ரோசாஃப்ட் 365-ல் சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள், அந்த டொமைனுக்கு டிகிம்மைத் தனியாக இயக்கி வைக்காவிட்டால், மைக்ரோசாஃப்ட் தன்னுடைய ஆன்மைக்ரோசாஃப்ட் டொமைன் பெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்பும். கையெழுத்து செல்லுபடியாகும்தான், ஆனால் திரையில் தெரியும் டொமைனோடு பொருந்தாது. டிமார்க்குக்கு அது உதவாது. கூகுள் வொர்க்ஸ்பேஸிலும் இப்படித்தான், நிர்வாகி இயக்கி வைக்கும்வரை கூகுளின் பொதுப் பெயரில் கையெழுத்து இருக்கும். எனவே பையரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: ‘உங்கள் ஐடி ஆட்களிடம், உங்கள் சொந்த டொமைன் பெயரில் டிகிம் கையெழுத்து இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டிமார்க்கை மாற்ற வேண்டாம்.’ இது அவர்களுக்கும் லாபம். உங்களைத் தவிர, ஃபார்வர்ட் வைத்திருக்கும் மற்ற வியாபாரிகளுக்கும் அவர்கள் மெயில் போகாமல்தான் இருக்கும்.

ஆடிட்டருடைய சிக்கல் சின்னது. அவர் டொமைனில் டிகிம்மும் இல்லை, டிமார்க்கும் இல்லை, எஸ்பிஎஃப் மட்டும் இருக்கிறது போலிருக்கிறது. ஃபார்வர்டில் அதுவும் விழுந்ததும், எந்தச் சான்றும் இல்லாமல் வந்து நிற்கும் மெயிலை ஜிமெயில் ஸ்பேமில் தள்ளுகிறது. இதற்கு ஹோஸ்டிங்காரர் கையிலேயே மருந்து இருக்கிறது. எஸ்ஆர்எஸ் என்பார்கள்: ஃபார்வர்ட் செய்யும் சர்வர், உறையில் இருக்கும் அனுப்புநர் முகவரியைத் தன் டொமைனுக்கு மாற்றி எழுதும், பழைய முகவரியைச் சங்கேதமாக அதற்குள்ளேயே பொதிந்து வைக்கும். மெயில் திரும்பினால் தகவல் முதலில் இந்த சர்வருக்கு வந்து, பிறகு உண்மையான அனுப்புநருக்குப் போகும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கப் பலரும் வைத்திருக்கும் சிபேனல் என்ற மென்பொருள் உள்ள சர்வராக இருந்தால், நிர்வாகத் திரையில் இதை இயக்க ஒரு தேர்வு இருக்கிறது. இயக்கினால், ஹோஸ்டிங் சர்வரின் பெயரில் எஸ்பிஎஃப் தேறும். ஆடிட்டர் மெயில் ஸ்பேமிலிருந்து வெளியே வர நல்ல வாய்ப்பு.

ஒன்றைக் கவனியுங்கள், இங்கே பலரும் தடுக்கி விழுகிறார்கள். எஸ்ஆர்எஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்கள் ஹோஸ்டிங்காரரும் சொல்லக்கூடும். ஆகாது. அது மாற்றுவது உறையை மட்டும். தேறுவது ஃபார்வர்ட் செய்யும் சர்வர் உறையில் எழுதிய டொமைனின் எஸ்பிஎஃப். திரையில் தெரிவது பேங்கின் டொமைன். இரண்டும் பொருந்தாததால் டிமார்க் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. பேங்கையும் பையரையும் பொறுத்தவரை டிகிம் கெடாமல் இருப்பது ஒன்றே வழி.

‘பல வருடம் ஓடியதே, இப்போது மட்டும் ஏன்?’ என்று உங்களுக்குத் தோன்றும். வைரஸ் வரி ஒரு காரணம். இன்னொன்று, சுற்றிலும் விதிகள் இறுகிவிட்டன. 2014 ஏப்ரலில் யாஹூ தன் பயனர்களின் டொமைனுக்கு டிமார்க்கில் ‘திருப்பி அனுப்பு’ என்று போட்டது. யாஹூ பயனர்களின் பெயரில் அவர்களுடைய நண்பர்களுக்கே போலி மெயில் வெள்ளமாகப் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்த எடுத்த நடவடிக்கை. அதே மாதம் ஏஓஎல் என்ற இன்னொரு மெயில் நிறுவனமும் அப்படியே செய்தது. அன்று உலகம் முழுக்க மின்னஞ்சல் குழுக்கள் ஆட்டம் கண்டன. குழுவில் ஒரு யாஹூக்காரர் எழுதினால், பொருள் வரியில் குழுவின் பெயரும் அடியில் குறிப்பும் சேர்ந்து கையெழுத்து கெட்டு, மற்ற உறுப்பினர்களின் சர்வர்கள் அதைத் திருப்பி அனுப்பின. இத்தனை மெயில் திரும்புகிறதே என்று குழு மென்பொருள், எந்தத் தவறும் செய்யாத அந்த உறுப்பினர்களை நீக்கிய கூத்தும் நடந்தது. இன்று பல குழு மெயில்களில் அனுப்புநர் பெயரோடு ‘இன்ன குழு வழியாக’ என்று தெரிகிறதே, அந்தப் பழக்கம் பரவியது அதற்குப் பிறகுதான்.

அப்புறம் 2024 பிப்ரவரி. ஜிமெயிலுக்கும் யாஹூவுக்கும் மெயில் அனுப்பும் எல்லோரும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும், மொத்தமாக அனுப்புகிறவர்கள் டிமார்க்கும் சேர்த்து மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஜிமெயில் கணக்கில் மொத்தம் என்பது ஒரு நாளில் 5,000 மெயில். 2025 மே மாதத்திலிருந்து மைக்ரோசாஃப்டும் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு இதே மாதிரி விதி வைத்தது. டிமார்க் பக்கமே எட்டிப் பார்க்காத கம்பெனிகளும் அதை அமைக்க வேண்டிவந்தது. அமைத்தவர்கள் மெல்ல மெல்லக் கடுமையாக்குகிறார்கள். உங்கள் ஃபார்வர்ட் இன்று தப்பித்தாலும், அடுத்த வருடம் இன்னொரு பையர் தன் கொள்கையை மாற்றும்போது மறுபடி இதே புகார் வரும்.

ஆர்க் என்று ஒரு புதிய முறை இருப்பதாக யாராவது சொல்லலாம். 2019-ல் சோதனை நிலை விதிமுறையாக வெளியானது. ‘என்னிடம் வந்தபோது இந்த மெயில் எல்லாச் சோதனையிலும் தேறியது’ என்று ஃபார்வர்ட் செய்யும் சர்வர் எழுதி, அதற்குத் தன் முத்திரையையும் வைத்து அனுப்பும். ஜிமெயிலும் மைக்ரோசாஃப்டும் அதைப் படிக்கின்றன, ஃபார்வர்ட் செய்பவர்கள் அதைச் சேர்க்க வேண்டும் என்று கூகுளே கேட்கிறது. ஹோஸ்டிங்காரரால் இயக்க முடிந்தால் இயக்கட்டும். ஆனால் முத்திரை வைத்தவரை நம்புவதா என்பது வாங்குகிறவரின் முடிவு. ஒரு சிறிய ஹோஸ்டிங் சர்வர் வைக்கும் முத்திரைக்கு எவ்வளவு மதிப்புக் கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. அதை மட்டும் நம்பித் தொழிலை நடத்த வேண்டாம்.

சரி, என்னதான் செய்வது? என் அபிப்பிராயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆர்டரும் பேங்க் ஸ்டேட்மென்டும் வருகிற முகவரியை ஃபார்வர்டில் விடக் கூடாது. மெயில் எங்கே வந்து விழுகிறதோ அங்கேயே போய்ப் படிப்பதுதான் நிரந்தரத் தீர்வு. நடுவில் இன்னொரு கை இல்லாவிட்டால் இத்தனை சிக்கலுக்கும் இடமே இல்லை.

அதற்கு இரண்டு வழி. செலவில்லாத வழி: ‘இன்ஃபோ’ என்ற பெயரில் ஹோஸ்டிங்கிலேயே ஒரு அஞ்சல் பெட்டி உருவாக்கச் சொல்லி, அதைப் போனிலும் கணினியிலும் ஐமேப் வழியாகச் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) சேர்த்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கும் ஜிமெயில் ஆப்பிலேயே வேறு நிறுவனத்தின் கணக்கைச் சேர்க்கலாம். உங்கள் பழைய திரைதான், இரண்டு கணக்கு பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கணினியில் தண்டர்பேர்ட் அல்லது அவுட்லுக் போன்ற மெயில் மென்பொருள் போதும். ஜிமெயிலின் வலைப்பக்கத்தில், வேறு கணக்கிலிருந்து பாப் முறையில் மெயிலை இழுத்துக்கொள்ளும் வசதி இருந்தது. பழைய குறிப்புகள் எல்லாம் அதைத்தான் சொல்லும். 2026-ல் அதை நிறுத்துவதாக கூகுள் அறிவித்துவிட்டது, ஆகவே அந்த வழியில் இறங்காதீர்கள்.

செலவுள்ள வழி: டொமைனின் மெயிலையே கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஜோஹோ மெயில், மைக்ரோசாஃப்ட் 365 போன்ற ஒன்றுக்கு மாற்றிவிடுவது. டிஎன்எஸ்ஸில், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை அங்கே திருப்பினால் மெயில் நேராக அங்கேயே போய்விடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்பெனி ஒரே வேலையைச் செய்யாது, குறை சொல்ல ஒரே இடம் இருக்கும். ஏற்றுமதி நடத்துகிற நீங்கள் ஒரு பயனருக்கு மாதா மாதம் கட்டும் அந்தத் தொகையைத் தொழில் செலவாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மாற்றினால், எஸ்பிஎஃப் ரெக்கார்டைப் புது இடத்துக்கு ஏற்பத் திருத்தவும், உங்கள் சொந்த டொமைன் பெயரில் டிகிம்மை இயக்கவும் மறக்காதீர்கள். பையர் செய்யாமல் விட்டதாக நான் சந்தேகிக்கும் அதே வேலை அது.

மாற்றும்வரை ஃபார்வர்ட் ஓடத்தான் வேண்டும். அதற்கு ஹோஸ்டிங்காரரிடம் இன்றே சொல்ல வேண்டியவை: வைரஸ் சோதனை நடக்கட்டும், ஆனால் மெயிலில் எந்த வரியையும் சேர்க்கக் கூடாது. எஸ்ஆர்எஸ் இயக்கத்தில் இருக்க வேண்டும். ஸ்பேம் என்று அவர்கள் சர்வரே கண்டுபிடித்ததை ஜிமெயிலுக்கு அனுப்பக் கூடாது. குப்பையை எல்லாம் தள்ளிவிட்டால், அந்தக் கெட்ட பெயர் அவர்கள் ஐபி எண்ணின் மேல் ஏறி, நல்ல மெயிலையும் ஜிமெயில் சந்தேகிக்க ஆரம்பிக்கும். எல்லாவற்றுக்கும் முதலில், ‘இன்ஃபோ’வுக்கு ஃபார்வர்ட் மட்டும் இல்லாமல் அஞ்சல் பெட்டியும் இருக்க வேண்டும். சிபேனலில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அப்போது ஜிமெயில் திருப்பி அனுப்பினாலும் ஒரு பிரதி ஹோஸ்டிங்கில் இருக்கும். இந்த ஒன்றைச் செய்தாலே, சத்தமில்லாமல் மெயில் தொலைவது நின்றுவிடும்.

செய்து முடித்ததும் சோதித்துப் பாருங்கள். உங்கள் ஜிமெயிலிலிருந்தே ‘இன்ஃபோ’வுக்கு அனுப்பிப் பார்க்காதீர்கள், தான் அனுப்பிய மெயிலே திரும்பி வந்தால் ஜிமெயில் அதை இன்பாக்ஸில் தனியாகக் காட்டாது, வரவில்லை என்று ஏமாந்து போவீர்கள். யாஹூ கணக்கு வைத்திருக்கும் யாரையாவது, ஒரு பிடிஎஃப் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். யாஹூவின் கொள்கை கடுமையானது என்பதால் அது நல்ல பரீட்சை. வந்து சேர்ந்து, ‘ஷோ ஒரிஜினல்’ பக்கத்தில் டிகிம், டிமார்க் இரண்டும் ‘பாஸ்’ என்று காட்டினால், ஹோஸ்டிங்காரர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

இதுவரை திரும்பிப் போன மெயில்களை மீட்க வழியில்லை. அஞ்சல் பெட்டி இல்லாமல் வெறும் ஃபார்வர்டாக இருந்ததால், ஜிமெயில் மறுத்த எதுவும் ஹோஸ்டிங்கில் தங்கியிருக்காது. எனவே விடுபட்ட மாதங்களின் ஸ்டேட்மென்டை நெட் பேங்கிங்கில் இறக்கிக்கொள்ளுங்கள். அந்த வைரஸ் வரி முதலில் எந்தத் தேதியில் தென்பட்டது என்று பழைய மெயில்களில் தேடிப் பிடித்து, அந்தத் தேதிக்குப் பிறகு பிடிஎஃப் அனுப்பக்கூடிய எல்லோரிடமும், மற்ற பையர்கள், ஷிப்பிங் ஏஜென்ட், இன்ஷூரன்ஸ், போனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் நோட்டீஸும் பெரும்பாலும் பிடிஎஃப்பாகத்தான் வரும். அதை முதலில் பாருங்கள்.